தைக்கு மாற்றி வைத்த பிறந்த நாள்

இன்று காலை மைதா அறையைத் திறந்ததும் சிமெண்ட் வாசம் முகத்தில் அடித்தது. அதற்கு அடியில் எங்கேயோ மைதாவும் டால்டாவும் பதுங்கிக் கிடந்தன. "அடப்பாவி, மறுபடியும் மூட்டைகளை இங்கேயே இறக்கிட்டாளா!" என்று திட்டு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. நீ போய் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. இந்தத் தடவை இங்கே இறக்கச் சொன்னவள் நான்.

வந்த திட்டை விழுங்க மனசில்லாமல் லாரி டிரைவரைக் கூப்பிட்டு நாலு வார்த்தை சொன்னேன். அவர் ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டுப் போனார்.

மழைக்குப் பேர்போன நம் மலையூர் தேவாலாவில் ஆடி மாசத்தில் காய்ந்த இடம் என்று ஒன்று உண்டென்றால் அது என் பேக்கரி அடுப்புக்குப் பின்சுவர்தான். அந்தச் சுவரை ஒட்டித்தான் மைதா அறை. ஊரில் எல்லாருக்கும் அது தெரியும். ஆனால் கேட்காமல் கொள்ளாமல் சிமெண்டைக் கொண்டுவந்து அடுக்கும் தைரியம் உனக்கு மட்டும்தான் இருந்தது. முதல் தடவை நான் ஆடிய ஆட்டம் நினைவிருக்கிறதா?

"ஏம்புள்ள, என்ற மைதா ரூம்புல சிமெண்டக் கொண்டாந்து போட்டிருக்கிறயே, இனி ஊருக்குள்ள எவனாச்சும் பன்னு வாங்குவானா?"

நீ அசரவே இல்லை. "உன் பன்னு கல்லு மாதிரி இருக்குன்னு ஏற்கெனவே பேருதானே. இனிமே காரணம் சொல்லிக்கலாம்" என்றாய்.

எஸ்டேட்டில் அம்மாக்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது அவர்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை உனக்கு. அந்த இடத்தை எல்லாரும் கிரெஷ் என்பார்கள். நீ மட்டும், அம்மாவின் இடுப்பில் இலங்கையிலிருந்து வந்தபோது உன்னோடு வந்த சொல்லில், பிள்ளைக்காம்பரா என்பாய். பிள்ளைகளுக்கு ரஸ்க் வாங்க வாரம் தவறாமல் என் கடைக்கு வருவாய். கோயமுத்தூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து, இந்த மழையைப் பார்த்து அழுதுகொண்டிருந்த எனக்கு, "அழு, அழு. ஆனா துணிய மட்டும் வெளிய காயப்போடாத" என்று முதல் ஆறுதல் சொன்னவள் நீ. அன்றிலிருந்து நான் உனக்கு 'புள்ள'. கோபம் வந்தால் மட்டும் 'கடைக்காரம்மா'.

இந்தப் பிறந்த நாள் கூத்து எங்கே ஆரம்பித்தது என்று யாராவது கேட்டால், ஒரு நாயில் ஆரம்பித்தது என்றுதான் சொல்கிறேன். விடுமுறைக்கு வந்து பங்களா எடுத்துத் தங்கியிருந்த ஒருவர் பெரிய கேக் ஒன்று சொல்ல வந்தார். நீ பெஞ்சில் ரஸ்க் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தாய். என்ன பெயர் எழுதுவது என்று கேட்டேன். டாமி என்றார். "குழந்தைக்கு எத்தன வயசுங்க?" என்றேன். "நாய்ங்க" என்றார், கொஞ்சமும் சிரிக்காமல்.

அவர் கார் ஏறும் வரை நீ வாயைப் பொத்திக்கொண்டிருந்தாய். பிறகு சிரித்த சிரிப்பில் கண்ணாடிப் பெட்டி அதிர்ந்தது. சிரித்து முடித்துவிட்டு, "நாய்க்கே நாள் தெரிஞ்சிருக்கு பாரு. எங்காத்தா, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுன மாசத்துல என்னைப் பெத்தேன்னு சொல்லும். எந்த வருசத்துக் கவ்வாத்துன்னு கேட்டா அடிக்க வரும்" என்றாய்.

"உன்ற ஆதார்ல தேதி இருக்குமே?"

"இருக்கு, ஜூன் ஒண்ணு. எவனோ எழுதுனது."

அதோடு போயிருக்க வேண்டிய பேச்சு. ஆனால் அந்த வாரம் உன் மனசு பூராவும் பாக்கியம் அக்கா இருந்தார். வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்து வேலை முடிந்தவர். புருஷனும் இல்லை, மகனும் இல்லை. மருமகளையும் இரண்டு பேத்திகளையும் வைத்துக்கொண்டு எஸ்டேட் ஆட்களின் வரிசை வீடான லயத்தில் ஒற்றை அறையில் இருந்தார். வேலை முடிந்தால் அந்த அறையை விட வேண்டும் என்பது எஸ்டேட் வழக்கம். ஜூன் முடிவதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கைக்கு வந்த ஓய்வுப் பணத்தில் பஜாருக்குக் கீழே பட்டா உள்ள ஒரு துண்டு நிலம் வாங்கியிருந்தார். நிலம் இருந்தது. சுவர் எழுப்ப ஒன்றுமில்லை.

நீ திடீரென்று, "புள்ள, எனக்கும் ஒரு கேக்கு போடு. காசு குடுக்க மாட்டேன்" என்றாய்.

"எதுக்கு?"

"நன்கொடைன்னு கேட்டா எல்லாரும் கதவுக்குப் பின்னாடி ஒளியிறாங்க. பொறந்த நாளுன்னு கூப்பிட்டா எவனும் மூஞ்சியத் திருப்ப மாட்டான். சேல வேணாம், தட்டு வேணாம், ஆளுக்கு நாலு சிமெண்ட் கல்லு கொண்டாங்கன்னு சொல்லுவோம். பாக்கியத்துக்குச் சுவரு எந்திரிச்சிரும்."

எனக்கு உடம்பே கூசியது. விற்கத் தெரியும், கடன் சொன்னவனை மடக்கத் தெரியும்; சும்மா கொடு என்று ஒருத்தரிடம் கேட்டு எனக்குப் பழக்கமே இல்லை. "கேக்கறதுக்குக் கூச்சமா இல்லியா உனக்கு?" என்றேன்.

"எனக்குன்னு கேட்டாத்தான் கூசும். வாயி என்னுது, வீடு அவளுது. அப்புறம் என்னா கூச்சம்?"

ஜூன் ஒன்றாம் தேதி கடைக்கு முன்னால் தார்ப்பாய் கட்டினோம். ரோஜா நிறக் கிரீமில் உன் பெயரை நானே எழுதினேன். பஜார் ஆட்கள் சொன்னபடி வந்தார்கள். டீக்கடைச் சேட்டன் தலையில் இரண்டு கல்லைச் சுமந்து வந்தார். மண்டிக்காரர் ஜீப்பில் மணல் அனுப்பினார். சிமெண்ட் கடை முதலாளி மூட்டைகளோடு தானே நேரில் வந்து இறக்கிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து கேக்குக்குக் காத்திருந்தார்.

அப்போதுதான் லயத்து ஜனம் மேட்டிலிருந்து இறங்கி வந்தது. ஒவ்வொருத்தரும் பெட்டியில் வைத்திருந்த சேலை, வேட்டி. நெற்றியில் திருநீறு. வந்தவர்கள் நேராக என்னிடம் வந்து, "கடைக்காரம்மா, எனக்கும் இன்னைக்குத்தான்" என்று ஆதாரை நீட்டினார்கள். ஒருத்தர், இரண்டு பேர் என்றால் பரவாயில்லை. வரிசை மேடு வரைக்கும் நின்றது. இலங்கையிலிருந்து கப்பலில் வந்த கூட்டத்தில் நாள் தெரியாதவர்கள் அத்தனை பேருக்கும் அதே ஜூன் ஒன்று. பிறந்த நாளுக்குக் கடையில் கேக் வெட்டுகிறார்கள் என்று கேட்டதும், தங்களுக்கும் சேர்த்துத்தான் என்று குளித்து முழுகி வந்துவிட்டார்கள்.

சிமெண்ட் கடை முதலாளி எழுந்து நின்றார். "ஏனுங்க, என்ன கூத்து இது? ஒருத்தருக்குப் பொறந்த நாள்னு கூப்பிட்டுப் போட்டு, வர்றவங்க எல்லாம் கார்டை நீட்டறாங்க? என்ன ஏமாத்து வேலைங்க?" என்று கேட்டுவிட்டு, இறக்கிய மூட்டைகளைத் திரும்ப ஏற்றச் சொன்னார். நான் கல்லாவுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டேன். பாக்கியம் அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு அந்த மூட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நீ கேக் கத்தியோடு பெஞ்சின் மேல் ஏறினாய்.

"மொதலாளி, கோவிச்சுக்காதீங்க. நாங்க கப்பல்ல வந்து எறங்குனப்ப ஒரு கிளார்க்கு உக்காந்து எழுதுனாரு. நாளு தெரியாதுன்னு சொன்ன அத்தன பேருக்கும் ஜூன் ஒண்ணு. எங்க எல்லாரையும் ஒரே நாள்ல பெத்த மகராசன் அவருதான். பாவம், ஆம்பள! பிரசவச் செலவுன்னு நெனச்சுக்கிட்டு அந்த மூட்டைய அங்கேயே விடுங்களேன்!"

கடைத்தெருவே வெடித்துச் சிரித்தது. முதலாளியும் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. "நல்லா வாய் வெச்சிருக்கிறீங்கம்மா" என்று மறுபடி உட்கார்ந்துவிட்டார். நீ குனிந்து, நான் பாடுபட்டு எழுதிய உன் பெயரைக் கத்தியால் வழித்து எறிந்துவிட்டு, கேக்கை எல்லாருக்கும் வெட்டினாய். விரல் நுனி அளவுதான் ஆளுக்கு வந்தது. அன்றிலிருந்து நம் கேக்கில் பெயர் கிடையாது.

அவ்வளவு சிரித்தோமே, ஒரு கூறுகெட்ட காரியம் செய்திருக்கிறோம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. சுவர் கட்ட வரச் சொல்லியிருந்த ஜோஸ் மேஸ்திரி வந்து வானத்தைப் பார்த்தார், கல் குவியலைப் பார்த்தார். "சேச்சி, இந்த மழையில பணி நடக்கில்லா. இனி மழ நின்னிட்டு நோக்காம்" என்று குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். இந்த ஊரில் ஜூன் மாசம் எவனாவது வீடு கட்டத் தொடங்குவானா? இத்தனை வருஷம் இங்கே குப்பை கொட்டிய நமக்குத் தெரியாதா? பிறந்த நாள் என்றதும் தேதியைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை.

பாக்கியம் அக்கா குடும்பத்தை உன் ஒற்றை அறையில் கொண்டுபோய் வைத்தாய். நீ பிள்ளைக்காம்பராவில் பாய் விரித்துப் படுத்தாய். என் மைதா அறையில் அடங்கியது போக மீதி மூட்டைகளைப் பின்வாசலில் தார்ப்பாய் போட்டு மூடினோம். மழை மேலிருந்து மட்டும் பெய்யும் ஊரா இது? பக்கத்திலிருந்தும் பெய்தது, தரையிலிருந்தும் ஏறியது. ஆடி முடிவில் தார்ப்பாயை விலக்கி நீ கடப்பாரையால் ஒரு மூட்டையைத் தட்டினாய். ணங் என்றது. அடுத்ததும் அப்படியே. சாக்கோடு சேர்ந்து பாறை.

நீ அந்தப் பாறை மேலேயே உட்கார்ந்துவிட்டாய். "சொன்னனா இல்லியா" என்று ஆரம்பிக்க வாய் துடித்தது. உன் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தேன். உன் பக்கத்தில் ஈரத்திலேயே உட்கார்ந்தேன். டீ பாதி ஆனதும் நிமிர்ந்தாய்.

"தப்பு நம்ம மேல இல்ல புள்ள. தேதி மேலதான். என் பொறந்த நாளைத் தைக்கு மாத்திட்டேன்."

"பொறந்த நாளை மாத்தறதா? அதென்ன சினிமாவுக்குப் போற நாளா?"

"எனக்குத் தெரியாம எவனோ வச்சான். இப்ப தெரிஞ்சு நான் வைக்கிறேன். தையில ஆரம்பிச்சா பங்குனிக்குள்ள கூரை. வீடு கட்டுற காலத்துலதான் இனிமே நான் பொறப்பேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. நான் ஐப்பசி ரேவதி. எங்கள் அப்பா நாழிகை வரைக்கும் எழுதி, மஞ்சள் தடவிக் கொடுத்த ஜாதகம் இன்றும் பீரோவில் இருக்கிறது. மாசாமாசம் ரேவதி வந்தால் நான் நகம்கூட வெட்டமாட்டேன். இதையெல்லாம் எடுத்துச் சொல்லி, பிறந்த நாள் என்பது மனுஷர் கையில் இல்லை என்று உன்னிடம் நியாயம் பேசினேன். நீ பொறுமையாகக் கேட்டாய். கிண்டலே இல்லாமல் ஒன்று கேட்டாய்.

"உனக்கு நாழிகை வரைக்கும் எழுதி வச்சிருக்காங்க. நல்லதுதான். அதை வச்சு நீ என்னா பண்ணுன?"

டம்ளரைக் கழுவ உள்ளே போய்விட்டேன்.

தையில் மறுபடி தார்ப்பாய் கட்டினோம். "ஏனுங்கம்மா, ஒரு வருசத்துக்குள்ள ரெண்டு பொறந்த நாளுங்களா?" என்று சிமெண்ட் கடை முதலாளி கேட்டார். "போனது கிளார்க்கு வச்சது. இது நானே வச்சது" என்றாய். அவர் தலையில் அடித்துக்கொண்டு மூட்டைகளை இறக்கினார். வெயில் அடித்தது. ஜோஸ் மேஸ்திரி மூக்குக்குமேல் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்தார். பங்குனியில் பாக்கியம் அக்கா வீட்டுக்குக் கூரை ஏறியது. பால் பொங்கிய அன்று அவர் எல்லாருக்கும் டம்ளரில் பாலைக் கொடுத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாம் பதறிப்போய்த் தட்டினோம். திறந்து, "ஒண்ணுமில்லம்மா, சும்மா சாத்திப் பாத்தேன்" என்றார்.

இறுகிப்போன மூட்டைகளை எங்கே போடுவது என்று நான் புலம்பிக்கொண்டிருந்தேன். நீ ஜோஸிடம் சொல்லி அவற்றை உருட்டிக்கொண்டுபோய், சரிவில் இருந்த அந்த வீட்டுக்குப் படிகளாகப் பதித்தாய். இன்றும் போனால் பார்க்கலாம். சாக்கின் மடிப்பும் தையல் போட்ட மூலையும் அப்படியே தெரிகிறது. மிஞ்சிய ஒன்றை என் பின்வாசலில் போட்டாய். அதற்குப் பிறகு நீ என் கடைப் பெஞ்சில் உட்கார்ந்ததே இல்லை. ரஸ்க் வாங்க வந்தாலும் அந்தக் கல்லில்தான் உட்காருவாய்.

அப்புறம் ஒவ்வொரு தையிலும் நீ பிறந்தாய். லயத்து ஜனமும் உன்னோடு சேர்ந்து ஜூனைக் கைவிட்டது. ஒரு வருஷம் ஒரு வீடு; ஒரு வருஷம் பாதிச் சுவரோடு நின்று, அடுத்த தையில் முடிந்தது. உனக்கு வேலை முடிந்த வருஷம் உன் பங்குக்கும் ஒரு வீடு எழும்பியது. அதற்கு மட்டும் நீ வாய் திறந்து கேட்கவில்லை. உனக்காகப் பாக்கியம் அக்கா கேட்டார்.

போன ஆடியில் ஒரு காய்ச்சல். இரண்டு ஆஸ்பத்திரி பார்த்தோம். கூடலூரிலிருந்து உன்னை ஆம்புலன்ஸில் திருப்பிக் கொண்டுவந்தபோது தேவாலா முழுக்க மழை. நான் கல்லாவில் உட்கார்ந்து, பன்னு வாங்க வந்தவர்கள் முன்னாலேயே வாய்விட்டு அழுதேன். யாரும் சில்லறை கேட்கவில்லை.

மார்கழியில் முத்தையா அண்ணன் கடைக்கு வந்தார். எஸ்டேட் ஃபேக்டரியில் பாய்லர் பார்க்கிறவர். பங்குனியோடு வேலை முடிகிறது. அவருக்கும் நிலம் மட்டும் இருக்கிறது. ஒரு பொட்டலம் வர்க்கி வாங்கினார். பின்வாசலில் உன் கல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். கேட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அதே வாரம் சிமெண்ட் கடை முதலாளி பிரெட் வாங்க வந்தவர், "இந்தத் தைக்கு ஒண்ணும் இல்லீங்கதானே? அந்தம்மாவே போயிட்டாங்களே" என்றார், பாவமாக.

"யாருங்க சொன்னது? பொறந்த நாள் இருக்குதுங்க."

"யாருக்குங்க?"

"எனக்குத்தானுங்க."

என் வாயா அது! உள்ளேயிருந்து எங்கள் வீட்டுக்காரர் ஓடி வந்தார். "ஏம்புள்ள, நீ ஐப்பசி ரேவதியாச்சே!"

"மாத்திட்டனுங்க" என்றேன். பிரெட்டைப் பொட்டலம் கட்டினேன்.

இன்று மதியம் உன் கல்லைப் பின்வாசலிலிருந்து நாலு பேர் உருட்டி முன்னால் கொண்டுவந்து போட்டார்கள். தார்ப்பாய், கேக், லயத்து ஜனம், பஜார் ஜனம், எல்லாம் இருந்தது. நான் கல்லின் மேல் ஏறினேன். கத்தி கையில் இருந்தது, வார்த்தைதான் இல்லை. நீ நின்றால் சிரிப்பு வரும். நான் நின்றால் கடன் பாக்கி கேட்கப் போகிறேனோ என்று ஜனம் பயந்த மாதிரி இருந்தது. முத்தையா அண்ணன் கடைசியில், தார்ப்பாய்க்கு வெளியே நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பாக்கியம் அக்கா கையைத் தட்டினார். இப்போது அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. குரலுக்கு ஒரு குறையும் இல்லை. "கடைக்காரம்மா! வாயி உங்களுது, வீடு அவுங்களுது! சட்டுன்னு கேளுங்க, கேக்கு காயுது!"

கேட்டேன். கல் கேட்டேன், மணல் கேட்டேன், ஜன்னல் கேட்டேன். ஜோஸ் மேஸ்திரியிடம் கூலியில் பாதியைக் கேட்டேன். கேட்கக் கேட்கக் குரல் ஏறியது. சிமெண்ட் கடை முதலாளி எழுந்தார். காலையில் வந்த மூட்டைகள் பாதி வீட்டுக்குத்தான் காணும் என்று அவருக்கும் தெரியும்.

"நெசமாவே இன்னைக்குத்தானுங்களா உங்களுக்கு?" என்றார்.

"இல்லீங்க. எனக்கு மாசம், நட்சத்திரம், நாழிகை எல்லாம் எழுதி பீரோவுல இருக்குதுங்க. அதை வெச்சு இத்தன வருசமா நான் ஒண்ணுமே பண்ணலீங்க. அதனால மாத்திட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் நின்ற கல்லைப் பார்த்தார். அது அவர் கடை மூட்டை என்று அவருக்குத் தெரியும். "மீதிய சாயங்காலம் அனுப்பறனுங்க" என்றார். "நனையாம வையுங்க."

முத்தையா அண்ணன் தார்ப்பாய்க்குள் வந்தார். கேக்கின் முதல் துண்டை அவருக்குக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "ஒங்களுக்குத்தானே பொறந்த நாளு" என்று அதை என் வாயில் ஊட்டிவிட்டார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது, நல்ல அழுகை. திங்கட்கிழமை அவர் வீட்டு அஸ்திவாரத்துக்கு வாரக்கால் தோண்டுகிறார்கள்.

மீதி மூட்டைகளும் இருட்டுவதற்குள் வந்துவிட்டன. மைதாவை நடுக்கூடத்துக்கு மாற்றிவிட்டேன். அடுப்புக்குப் பின்சுவர் முழுக்க சிமெண்ட்தான். நாளைக்கு யாராவது பன்னு கல்லு மாதிரி இருக்கிறது என்று சொல்லட்டும், புள்ள. காரணம் சொல்லிக்கொள்கிறேன்.